தங்கவயலும் டிரியெஸ்டே நகரமும்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வெளியேறிய தமிழ் மக்கள் தங்கள் உழைப்பினால் உருவாக்கிய ஊர்கள் பல உண்டு. அவற்றுள் மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்று குடியேறினர். கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, பாறையே சுடுகின்ற வெப்பத்தில் நின்று வேலை செய்தனர். பாறை வெடிப்பில் உயிர் நீத்தோரும் பலர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வெட்டியெடுத்த தங்கம் எங்கெங்கோ சென்றுவிட்டது. ஆயினும், அவர்கள் தோண்டிய ஆழம் உலக விஞ்ஞானத்துக்குப் பெரிய உதவி ஒன்றைச் செய்தது என்னும் செய்தியை, வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மிற் பலர் அறிந்திருக்க மாட்டோம். அதைச் சொல்லவே இன்று முற்படுகிறோம்.

நாம் பௌதிகம் பயின்றவர் அல்லோம். கலைப் படிப்பில் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவர். ஆகவே கணிதத்துக்குள் புகமாட்டோம். ஏழை நாட்டுக்குப் பௌதிக ஆராய்ச்சி எதற்கு, அதற்காகப் பிற நாட்டாருடன் கூடிச் செலவு செய்வது எதற்கு என்று கேட்போர் என்றும் உண்டு. அந்தக் கேள்விக்குக் கிடைத்துள்ள விடையை மட்டும் எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

வானவெளியிலிருந்து மிகுந்த வேகமுடைய துகள்கள் இரவும் பகலும் பூமியின் மேல் பொழிந்துகொண்டே இருக்கின்றன. இவற்றைக் காஸ்மிக் கதிர்கள் என்று வழங்குகின்றனர். இவை காற்று மண்டலத்தில் மோதும்போது வேறு பல துகள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் மியூவான் என்பது ஒன்று. நியூட்ரினோ என்பது மற்றொன்று. மியூவான் பாறையையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும் வலிமை உடையது. நியூட்ரினோவோ பூமி முழுவதையும் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறத்தக்கது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி, நம் விரல் நகத்தளவான இடத்தின் வழியே சென்றுகொண்டிருக்கின்றன. நாம் அதை உணர்வதேயில்லை. இப்படி ஒரு துகள் இருத்தல் வேண்டும் என்று 1930இல் முதன்முதலாகக் கருதியவர் வுல்ப்காங் பௌலி என்னும் பேரறிஞர். அணு உலையிலிருந்து வெளிப்படும் நியூட்ரினோவை 1956இல் அமெரிக்காவில் ரைன்ஸ், கவன் என்னும் இருவர் கண்டறிந்தனர். ஆனால் இயற்கையில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை அதுவரை எவரும் கண்டதில்லை.

அதைக் காண்பதில் ஒரு பெருந்தடை இருந்தது. நிலத்தின் மேல் கருவியை வைத்தால் மியூவான்கள் மழைபோல் வந்து விழுகின்றன. அந்த ஆரவாரத்தில் அரிதினும் அரிதாக வரும் நியூட்ரினோவின் சுவட்டைப் பிரித்தறிவது இயலாது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சொல்லும் சொல்லைக் கேட்க முயல்வது போன்றதே அது. பூமிக்குள் ஆழமாகச் சென்றால் மேலுள்ள பாறை மியூவான்களைத் தடுத்துவிடும். அத்தகைய ஆழம் உலகில் மிகச் சில இடங்களிலேயே இருந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் அவற்றுள் ஒன்று.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை 1945இல் நிறுவிய ஹோமி பாபா அவர்கள் இதன் பயனை விரைவில் உணர்ந்தார். அவருடைய தூண்டுதலால் இளைஞர் ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்தில் தங்கவயலுக்குச் சென்று, ஆழம் கூடக்கூட மியூவான்கள் எவ்வளவு குறைகின்றன என்று அளக்கத் தொடங்கினார். பின்னர் 1960களின் தொடக்கத்தில், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாகே அவர்களும், நம் நாட்டு நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோரும் இன்னும் கீழே இறங்கினர். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து இரண்டு மாத காலம் காத்திருந்தனர். ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

இரண்டு மாதம் காத்திருந்து ஒன்றும் காணாது திரும்புவதைத் தோல்வி என்றே பிறர் கருதுவர். அவர்களோ அதையே பெரும் பேறாகக் கருதினர். மேலிருந்து வரும் மியூவான்கள் அடங்கிவிட்ட இடம் அது என்பது உறுதியாயிற்று. நியூட்ரினோவைத் தேட அதனினும் ஏற்ற இடம் வேறென்ன வேண்டும்?

இங்கேதான் நாடுகளின் கூட்டுறவு தொடங்குகிறது. மேனன் அவர்களின் தலைமையில் பம்பாய் நிலையத்தாரும், மியாகே அவர்களின் ஒசாகா குழுவினரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து வுல்பெண்டேல் அவர்களின் குழுவினரும் ஒன்று சேர்ந்தனர். துகள் செல்லும் வழியை ஒளிக்கோடாகக் காட்டும் நியான் குழாய்களைக் கையாள்வதில் டர்ஹாம் குழுவினர் தேர்ந்தவர்கள். ஒசாகா குழுவினர் தங்கவயலின் ஆழத்தை முன்பே நேரில் அறிந்தவர்கள். நம் நாட்டாரிடம் சுரங்கமும், ஆண்டுக்கணக்கான அளவுகளும், அந்த ஆழத்தில் வேலை செய்யத் தெரிந்த மக்களும் இருந்தனர். ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல் எழுப்பினர். மேலிருந்து தப்பி வரும் மியூவான் செங்குத்தாகவே இறங்கும். பக்கவாட்டில் கிடையாக ஒரு மியூவான் வருமாயின், அது நியூட்ரினோ ஒன்று அருகிலுள்ள பாறையில் மோதியதால் பிறந்ததாகவே இருத்தல் வேண்டும். இதுவே அவர்கள் கையாண்ட உபாயம்.

1965இல் அத்தகைய சுவடுகள் தென்பட்டன. எண்ணிக்கையில் அவை விரல் விட்டு எண்ணத்தக்கவையே. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத நடுவில் அந்தச் செய்தி விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கமொன்றில் அதே முயற்சியில் ஈடுபட்டிருந்த ரைன்ஸ் குழுவினரின் முடிவு இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது. அவர்களுடைய கருவி முதற் சுவட்டை அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பதிவு செய்திருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரு குழுவினரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர். இயற்கையில் தோன்றும் நியூட்ரினோவை மனிதன் அறிந்தது இப்படித்தான்.

இதில் நாம் நெஞ்சில் இருத்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியரும் ஆங்கிலேயரும் நமக்கு உதவி செய்ய வந்தவர்கள் என்று மட்டும் சொல்வது பொருந்தாது. அவர்கள் தேடியது நம்மிடம் இருந்தது. நம்மிடம் இல்லாதது அவர்களிடம் இருந்தது. கொடுப்பதும் கொள்வதும் இரு பக்கமும் நிகழ்ந்தன. பல நாட்டார் கூடிச் செய்யும் விஞ்ஞானத்துக்கு இதுவே உரிய முறை.

ஆனால் எல்லா நாடுகளுக்கும் ஒரு பாபா வாய்ப்பதில்லை. எல்லா நாடுகளிலும் ஒரு பம்பாய் நிலையமும் இல்லை. அத்தகைய நாட்டில் பிறந்த அறிஞன் என்ன ஆவான்? இதற்குச் சான்றாக, நம் அண்டை நாட்டைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

பஞ்சாபில் ஜங் என்னும் சிற்றூரில் வளர்ந்த அப்துஸ் சலாம், கேம்பிரிட்ஜ் சென்று பௌதிகத்தில் பெரும் பெயர் பெற்றுத் தாய்நாட்டுக்குப் பணியாற்றும் விருப்பத்துடன் 1951இல் லாகூருக்குத் திரும்பினார். அங்கே அவருடன் ஆராய்ச்சி பேசுவதற்கு ஒருவரும் இல்லை. புதிய விஞ்ஞானப் பத்திரிகைகள் கிடைப்பது அரிது. பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக, கல்லூரியின் கால்பந்துக் கழகத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்து சேர்ந்தது. அந்நாளில் பௌலி பம்பாய்க்கு வந்திருந்தார். நியூட்ரினோவை முதலிற் கருதிய அதே பௌலிதான். அவர் அழைத்ததன்பேரில் சலாம் எல்லை கடந்து பம்பாய் சென்று அவரைக் கண்டு பேசித் திரும்பினார். அனுமதியின்றிக் கல்லூரியை விட்டு நீங்கியதற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தன் துறையைச் சேர்ந்த ஒருவரோடு சில நாள் பேசுவதற்கு அவர் கொடுத்த விலை அது.

மூன்று ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. நாட்டில் இருந்தால் பௌதிகத்தை விட வேண்டும், பௌதிகத்தில் இருந்தால் நாட்டை விட வேண்டும் என்ற நிலை அவருக்கு வந்தது. 1954இல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்குச் சென்றுவிட்டார். ஊரை விட்டு வருவது எத்தகையது என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. டில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழர் ஒவ்வொருவரும் அதை அனுபவித்து அறிந்தவரே.

சலாம் தமக்கு வழி கிடைத்ததும் மற்றவரை மறந்துவிடவில்லை. தமக்கு நேர்ந்த நிலை தமக்குப் பின் வருவோர்க்கு நேரக்கூடாது என்று எண்ணினார். 1960ஆம் ஆண்டில் வியன்னாவில் நடந்த சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் மாநாட்டில், ஏழை நாடுகளின் பௌதிகர்களுக்காக ஒரு சர்வதேச மையம் வேண்டும் என்ற யோசனையைப் பாகிஸ்தானின் பிரதிநிதியாக நின்று வெளியிட்டார். செல்வ நாடுகள் பல இதை விரும்பவில்லை. கொள்கைப் பௌதிகம் விஞ்ஞானங்களுக்குள் ரோல்ஸ் ராய்ஸ் கார் போன்றது, வளரும் நாடுகளுக்கு வேண்டுவது மாட்டு வண்டியே என்ற பொருளில் ஒரு பிரதிநிதி பேசியதாகச் சலாம் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மாட்டு வண்டியை இகழ்வதற்கில்லை. நம் மக்களின் உணவைச் சுமந்தது அது. ஆனால் வண்டிக்காரன் மகன் வானத்தைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்று விதிப்பதற்கு யாருக்கு உரிமை உண்டு? அந்தப் பேச்சு எழுந்த அதே காலத்தில்தான், மாட்டு வண்டி ஓடிய தங்கவயலின் அடியில் நியூட்ரினோவைத் தேடும் வேலை தொடங்கியிருந்தது.

சலாமும், இத்தாலியப் பேராசிரியர் பாவ்லோ புடினிச்சும் விடாது முயன்றனர். இத்தாலிய அரசாங்கம் இடமும் பொருளும் தர முன்வந்தது. 1964இல், ஆட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள டிரியெஸ்டே நகரில் சர்வதேசக் கொள்கைப் பௌதிக மையம் தொடங்கிற்று. தொடக்கத்தில் நகரின் நடுவில் இருந்த அம்மையம், 1968இல் மிராமாரே என்னும் இடத்தில் தனக்கெனக் கட்டிய கட்டிடத்துக்குச் சென்றது. 1970 முதல் யுனெஸ்கோ ஸ்தாபனமும் அதன் பொறுப்பில் பங்கு கொண்டது.

அங்கே கையாளப்பட்ட ஒரு முறை நம் கவனத்துக்கு உரியது. வளரும் நாட்டில் பணியாற்றும் விஞ்ஞானி ஒருவர், சில ஆண்டுக் காலத்துக்குள் சில முறை டிரியெஸ்டேக்கு வந்து, ஒவ்வொரு முறையும் சில வாரமோ சில மாதமோ தங்கலாம். வழிச்செலவையும் தங்கும் செலவையும் மையம் ஏற்கும். நூலகத்தில் படிக்கலாம், உலகின் தலைசிறந்த அறிஞர்களோடு உரையாடலாம், பிறகு தம் நாட்டுக்குத் திரும்பிச் சென்று தம் மாணாக்கர்களுக்குக் கற்பிக்க வேண்டும். திரும்பிச் செல்வதே இதன் உயிர். விவசாயி கிணற்றுக்குச் சென்று நீரெடுத்து வந்து தன் வயலுக்கே பாய்ச்சுவதைப் போன்றது இம்முறை. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அம்மையத்துக்கு வந்து சென்றுள்ளனர். அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் பகைமை பாராட்டிய 1960களிலேயே, அவ்விரு நாட்டு அறிஞர்களும் அங்கே ஓராண்டுக் காலம் ஒன்றாக இருந்து ஆராய்ந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

சலாம் 1979இல் கிளாஷோ, வைன்பெர்க் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். 1996இல் மறைந்தார். மறு ஆண்டில் அம்மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பை 2003 முதல் 2009 வரை வகித்தவர் இந்தியாவைச் சேர்ந்த கே. ஆர். ஸ்ரீநிவாசன், 2019இல் அப்பொறுப்பை ஏற்ற அதீஷ் தபோல்கரும் இந்தியரே. பாகிஸ்தானியர் ஒருவர் கண்ட கனவை, இத்தாலிய மண்ணில், இந்தியர்கள் நடத்திச் செல்லும் நிலை ஏற்பட்டதை நாம் மகிழ்ச்சியோடு எண்ணிப் பார்க்கலாம்.

இனி மீண்டும் தங்கவயலுக்கு வருவோம். ஒரிஸாவில் பிறந்த ஜோகேஷ் பதி என்பவரும் சலாமும் 1970களின் தொடக்கத்தில் கூடி ஆராய்ந்து, ஒரு புதிய கருத்தை வெளியிட்டனர். என்றும் அழியாதது என எல்லோரும் எண்ணியிருந்த புரோட்டானும் மிக நீண்ட காலத்தில் சிதையக்கூடும் என்பது அக்கருத்து. வேறு அறிஞர்களும் வேறு வழியில் இம்முடிவுக்கு வந்தனர். அதைச் சோதிப்பதற்கும் ஆழமான இடம் வேண்டியிருந்தது. 1980இல் தங்கவயலின் அதே 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் அமைத்தனர். லாகூரில் தனிமையில் வாடிய ஒருவரின் சிந்தனையை, தமிழ்த் தொழிலாளர் வெட்டிய சுரங்கத்தில் பம்பாயும் ஒசாகாவும் சேர்ந்து சோதித்தன. சில சுவடுகளைக் கண்டு அவை புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என அவர்கள் அறிவித்தனர். பிற நாடுகளில் எழுந்த பெரிய கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. புரோட்டான் சிதைவை இன்றுவரை எவரும் கண்டதில்லை. விஞ்ஞானத்தில் இதனால் இழுக்கு ஒன்றுமில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சரிபார்ப்பதும் கூட்டுறவின் ஒரு பகுதியே.

1990களின் தொடக்கத்தில் அந்தச் சோதனைகள் முடிவுற்றன. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். இன்றும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை பார்த்துத் திரும்பும் தங்கவயல் மக்கள் பலர். ஆயினும் சுரங்கத்தில் வளர்ந்த கூட்டுறவு அதனோடு மடியவில்லை. புரோட்டானைத் தேடப் பயன்பட்ட நீண்ட இரும்புக் குழாய்கள் உதகமண்டலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஏறத்தாழ 3,700 குழாய்கள் மியூவான்களை எண்ணி வருகின்றன. 2014 டிசம்பரில் உதகையின் மேல் எழுந்த இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்பதை அவற்றைக் கொண்டே கணக்கிட்டனர். அம்முடிவு 2019இல் வெளியாயிற்று. பாதாளத்தில் மியூவான் வராதா என்று காத்திருந்த குழாய்கள், இன்று மலைமேல் வரும் மியூவான்களை எண்ணி மேகத்தை அளக்கின்றன.

இத்தகைய கூட்டுறவு தானாக நிலைத்துவிடாது. அழைப்பு வந்தும் விசா கிடைக்காமல் மாநாட்டுக்குச் செல்ல இயலாத விஞ்ஞானிகள் ஏழை நாடுகளில் இன்றும் இருக்கின்றனர். ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடுவதற்குச் சில பத்திரிகைகள் கேட்கும் கட்டணம், சிறு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரின் சம்பளத்தையும் விஞ்சுகிறது. வரவு செலவுத் திட்டத்தில் பணத்தைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால், உடனே பலன் காட்டாத இத்தகைய ஆராய்ச்சியின்மீதே முதலில் கை வைக்கப்படும். இவற்றையும் மீறி நம்பிக்கை தரும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஜோர்டான் நாட்டில் 2017இல் திறக்கப்பட்ட சேஸமி என்னும் ஆராய்ச்சிக் கூடத்தில், அரசியலில் ஒன்றோடொன்று பேசாத நாடுகளும் சேர்ந்து அங்கம் வகிக்கின்றன. டிரியெஸ்டே மையத்தின் வழியில் பிரேசிலின் சாவ் பாலோவிலும், ருவாண்டாவின் கிகாலியிலும் மையங்கள் எழுந்துள்ளன. ஆப்பிரிக்க மாணாக்கன் கடல் கடக்காமலே உயர்ந்த பௌதிகம் கற்க இவை வழி செய்கின்றன.

நேயர்களே! இவையெல்லாம் விஞ்ஞானிகளின் காரியம், நமக்கென்ன என்று கருத வேண்டாம். அரசாங்கம் எதற்குப் பணம் செலவிடுகிறது என்பதில் நம் கருத்துக்கும் இடம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ, கூலி வேலையை உடனே தராத படிப்பை விரும்பிக் கேட்கும் நாளும் வரலாம். அப்போது மாட்டு வண்டி போதும் என்று நாமே சொல்லிவிடக் கூடாது. வெளிநாடு சென்று கற்கட்டும். திரும்பி வந்தால் பேசுவதற்கு ஆளும், படிப்பதற்கு நூலும், வேலை செய்வதற்கு இடமும் இங்கே இருக்கட்டும். லாகூரில் ஓர் இளைஞருக்கு 1951இல் கிடைக்காமற் போனவை இம்மூன்றுமே.

தங்கவயலின் ஆழத்தைத் தோண்டியவர்களுக்கு நியூட்ரினோ என்ற சொல்லே தெரிந்திராது. ஆனால் அவர்கள் தோண்டியிராவிட்டால், ஒசாகாவிலிருந்தும் டர்ஹாமிலிருந்தும் எவரும் அங்கு வந்திருக்க மாட்டார்கள். உலக அறிவுக்கு அவர்கள் அளித்த அந்தப் பங்கை, வெளிமாநிலத்தில் வாழும் நாம் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போமாக.